'ஹேவ் பீன்' எங்கே தடுக்குகிறது? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஆங்கிலத்தில் 'ஹேவ் பீன்' வரும் காலத்தைச் சில புத்தகங்கள் பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்கின்றன, சில ப்ரோக்ரஸிவ் என்கின்றன. பெயர் எதுவானாலும் உருவம் ஒன்றுதான். முதலில் ஹேவ் அல்லது ஹேஸ், அப்புறம் பீன், அப்புறம் 'இங்' சேர்ந்த வினைச்சொல். 'ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்', 'ஷீ ஹேஸ் பீன் வெயிட்டிங்'. பள்ளியில் இதை மனப்பாடம் செய்திருக்கிறோம், பரீட்சையில் கோடிட்ட இடத்தையும் சரியாக நிரப்பியிருக்கிறோம். ஆனால் ஆபீஸில் போனை எடுத்ததும் வாயில் வருவது 'ஐ ஆம் டிரையிங் டு ரீச் யூ சின்ஸ் மார்னிங்' என்பதுதான்.

உருவம் தெரியாததால் இந்தப் பிழை வருவதில்லை. அந்த உருவத்தை எடுக்க வேண்டிய நேரம் எது என்று சட்டென்று பிடிபடாததால் வருகிறது. அந்த நேரத்தைக் காட்டும் அடையாளம் நம் தமிழ் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கவனிக்கப் பழகினால் போதும், பன்னிரண்டு காலங்களையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்கள் வாக்கியத்தில் எது தெரிகிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் பாதி அதிலிருந்து கிளைத்தவை.

அறிகுறி: 'ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று வந்துவிடுகிறது

நாம் மனதில் நினைப்பது 'மூணு வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்'. இந்த வாக்கியத்தில் வினைச்சொல் சாதாரண நிகழ்காலம்தான். எப்போதோ தொடங்கி இன்றுவரை நடக்கிறது என்ற செய்தி 'வருஷமா' என்பதன் கடைசி 'ஆ'வில் உட்கார்ந்திருக்கிறது. அந்த 'ஆ'வை எடுத்துவிட்டால் அந்த அர்த்தமே போய்விடும். தமிழ் இந்தச் சுமையைக் காலத்தைச் சொல்லும் சொல்லில் ஏற்றுகிறது, ஆங்கிலம் வினைச்சொல்லில் ஏற்றுகிறது. நாம் வினைச்சொல்லை மட்டும் பார்த்து மாற்றும்போது 'ஐ ஆம் வர்க்கிங்' வந்து நிற்கிறது.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் இந்த இடத்தில் நிகழ்காலமே வரும். அதனால் அந்த மொழிக்காரர்களும் ஆங்கிலம் பேசும்போது இதே பிழையைத்தான் செய்கிறார்கள்.

சரிசெய்ய, தமிழ் வாக்கியத்தில் இரண்டே இரண்டைத் தேடுங்கள். காலச் சொல்லின் முடிவில் 'ஆ' இருக்கிறதா (வருஷமா, மாசமா, ஒரு மணி நேரமா, ரொம்ப நாளா)? அல்லது 'லிருந்து' இருக்கிறதா (காலையிலிருந்து, 2019லிருந்து)? இரண்டில் ஒன்று இருந்து, வினைச்சொல்லும் நிகழ்காலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் 'ஆம், இஸ், ஆர்' எடுக்காதீர்கள். ஹேவ் பீன், ஹேஸ் பீன் எடுங்கள்.

'காலையிலிருந்து உங்களைப் பிடிக்கப் பார்க்கிறேன்' என்பது 'ஐ ஹேவ் பீன் டிரையிங் டு ரீச் யூ சின்ஸ் திஸ் மார்னிங்'. 'ஒரு வாரமா ஃபாலோ அப் பண்றோம்' என்பது 'வீ ஹேவ் பீன் ஃபாலோயிங் அப் ஃபார் எ வீக்'.

பழைய வழிகாட்டிகள் சிலவற்றில் இந்தக் காலத்துக்கு 'கொண்டே இருக்கிறேன்' என்று பொருள் போட்டிருப்பார்கள். அதை நம்பிப் போகாதீர்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் 'ஒரு மணி நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்' என்றுதான் சொல்வார். அந்தக் 'காத்துக்கிட்டு இருக்கேன்' அப்படியே 'ஐ ஆம் வெயிட்டிங்' என்பதற்கும் பொருந்தும். ஆகவே வினைச்சொல்லின் வாலைப் பார்த்தால் குழப்பம்தான், காலச் சொல்லைப் பார்த்தால் தெளிவு. பயிற்சிக்கு நல்ல இடம் செய்தித்தாள். 'மூன்று நாட்களாக மழை பெய்து வருகிறது', 'ஐந்து ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார்' என்று தினமும் அச்சாகிறது. அந்தப் 'பெய்து வருகிறது' இந்தக் காலத்துக்கு மிக நெருக்கமான எழுத்துத் தமிழ். 'இட் ஹேஸ் பீன் ரெய்னிங் ஃபார் த்ரீ டேஸ்'.

காத்திருப்பதற்கும் இந்த உருவத்துக்கும் உறவு பழையது. 14 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில், ஏதென்ஸை ஆளும் தீசியஸிடம் முறையிட வந்த விதவைகள் இரண்டு வாரமாகக் கோயிலில் காத்திருப்பதாகச் சொல்லும் இடத்தில் இதே ஹேவ் பீன் உருவம்தான் இருக்கிறது.

அறிகுறி: 'ஹௌ லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?' என்று கேட்டால் தவறான பதில் போகிறது

இது முதல் அறிகுறியின் கேள்வி வடிவம். ஆனால் விளைவு பெரிது என்பதால் தனியாகச் சொல்கிறேன். மகளைப் பார்க்க வெளிநாடு போகும் ஒருவரை விமான நிலையக் கவுன்டரில் 'ஹௌ லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?' என்று கேட்டால், 'எவ்வளவு நாள் இருப்பீங்க?' என்று அர்த்தம். 'ஹௌ லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?' என்றால் 'எவ்வளவு நாளா இருக்கீங்க?'. தமிழில் ஒற்றை 'ஆ' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ஹேவ் பீன் செய்கிறது. பின்னதை நினைத்துக்கொண்டு 'ஜஸ்ட் டென் மினிட்ஸ்' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் விழிப்பார். நாம் கேட்கும்போதும் இதே கவனம் வேண்டும். வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவரிடம் 'ஹௌ லாங் ஆர் யூ வெயிட்டிங்?' என்று கேட்கக் கூடாது. 'ஹௌ லாங் ஹேவ் யூ பீன் வெயிட்டிங்?'.

அறிகுறி: ஹேவ் பீன் சரியாக வருகிறது, சின்ஸ் வருமா ஃபார் வருமா என்று தடுமாற்றம்

நம் விகுதிகள் இரண்டும் இங்கே அப்படியே கைகொடுக்கின்றன. 'ஆ' வந்தால் ஃபார். 'லிருந்து' வந்தால் சின்ஸ். 'மூணு வருஷமா' என்றால் ஃபார் த்ரீ இயர்ஸ், '2019லிருந்து' என்றால் சின்ஸ் 2019. 'சின்ன வயசிலிருந்து' சின்ஸ் சைல்டுஹுட், 'ரொம்ப நாளா' ஃபார் எ லாங் டைம்.

தடுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, 'லாஸ்ட்' என்ற சொல். அது வந்ததும் பலருக்கு சின்ஸ் ஒட்டிக்கொள்கிறது: 'சின்ஸ் லாஸ்ட் த்ரீ இயர்ஸ்'. 'கடந்த மூணு வருஷமா' என்று 'ஆ'வில்தானே முடிகிறது? 'ஃபார் த லாஸ்ட் த்ரீ இயர்ஸ்' என்பதே சரி. 'போன வாரத்திலிருந்து' என்றால் மட்டும் 'சின்ஸ் லாஸ்ட் வீக்'.

இரண்டு, 'லிருந்து' என்பதை 'ஃப்ரம்' என்று மாற்றுவது. 'ஃப்ரம் 2019' என்றால் கேட்பவர் 'டு வாட்?' என்று முடிவுத் தேதியை எதிர்பார்ப்பார். இன்றும் தொடர்வதற்கு சின்ஸ்தான்.

மூன்று, 'நான் சேர்ந்ததிலிருந்து' போன்ற முழு வாக்கியம். சின்ஸுக்குப் பின்னால் தொடங்கிய கணம் வரும்போது அது இறந்தகாலமாக இருக்கட்டும்: 'ஐ ஹேவ் பீன் யூஸிங் திஸ் சிஸ்டம் சின்ஸ் ஐ ஜாயின்ட்'. அங்கேயும் ஒரு ஹேவ் செருக வேண்டாம்.

'நாள் முழுக்க', 'ராத்திரி பூரா' என்பவற்றுக்கு இரண்டும் வேண்டாம். 'ஷீ ஹேஸ் பீன் ஸ்டடியிங் ஆல் நைட்' என்றால் போதும்.

அறிகுறி: 'ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்'

முதல் விதியைக் கற்றுக்கொண்ட ஆர்வத்தில் வரும் பிழை இது. தெரிந்திருப்பது, நம்புவது, சொந்தமாக வைத்திருப்பது, பிடிப்பது, புரிவது எல்லாம் நிலைகள். உட்கார்ந்து செய்கிற செயல்கள் அல்ல. இவற்றுக்கு 'இங்' ஒட்டாது. ஹேவோடு வினையின் மூன்றாம் உருவத்தைப் போட்டு நிறுத்திவிடுங்கள். 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்', 'வீ ஹேவ் ஓன்ட் திஸ் லேண்ட் சின்ஸ் 1985'.

சோதனை சுலபம். 'இப்போ என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?' என்று ஒருவர் கேட்டால் இதைப் பதிலாகச் சொல்ல முடியுமா? 'சமைச்சுக்கிட்டு இருக்கேன்' சொல்லலாம், 'அவரைத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கேன்' சொல்ல முடியாது. சொல்ல முடியாவிட்டால் 'இங்' இல்லை.

விதிவிலக்கு உண்டு. 'ஐ ஹேவ் பீன் மீனிங் டு கால் யூ' என்பது நல்ல ஆங்கிலம். 'ரொம்ப நாளாக் கூப்பிடணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் இல்லை. 'ஐ ஹேவ் பீன் திங்கிங்' என்பதும் சரி. அங்கே நினைப்பு என்பது அபிப்பிராயம் அல்ல, யோசிக்கிற செயல்.

அறிகுறி: டாக்டரிடம் 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்'

ஊரில் எந்த டாக்டருக்கும் இது புரியும். வெளிநாட்டு மருத்துவமனையில் இருந்தாலோ, ஆங்கிலம் மட்டுமே தெரிந்த டாக்டரிடம் வீடியோவில் பேசினாலோ, இங்கே காலம் சரியாக இருப்பது உடம்புக்கே நல்லது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காய்ச்சல் இருப்பது நிலை. அதனால் 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்'. ஹேவ், ஹேட் என்று இரண்டும் பக்கத்தில் வருவது வினோதமாகத் தெரியும், ஆனால் அதுதான் சரி. இருமுவது செயல். அதனால் 'ஐ ஹேவ் பீன் காஃபிங் ஃபார் டூ டேஸ்'. வாந்தியும் அப்படியே: 'ஹீ ஹேஸ் பீன் வாமிட்டிங் சின்ஸ் லாஸ்ட் நைட்'.

இப்போது நெஞ்சுவலி. 'ஐ ஹேவ் ஹேட் செஸ்ட் பெயின் சின்ஸ் திஸ் மார்னிங்' என்றால் காலையில் பிடித்த வலி விடவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'ஐ ஹேவ் பீன் ஹேவிங் செஸ்ட் பெயின்ஸ்' என்றால் சில நாளாக விட்டு விட்டு வருகிறது. இரண்டும் இலக்கணப்படி சரி, ஆனால் டாக்டர் அடுத்துக் கேட்கும் கேள்விகள் வேறாகும். 'ஹேவ்' என்ற வினைக்கு 'இங்' சேர்க்கலாமா கூடாதா என்று பலர் சண்டை போடுவார்கள். விஷயம் இவ்வளவுதான்: விடாமல் இருந்தால் ஹேவ் ஹேட், திரும்பத் திரும்ப வந்து போனால் ஹேவ் பீன் ஹேவிங். நெட்வொர்க் பிரச்சினைக்கும் இதுவே பொருந்தும். அடிக்கடி இணைப்பு அறுந்தால் 'வீ ஹேவ் பீன் ஹேவிங் டிரபிள் வித் த கனெக்ஷன்'.

தூக்கம், சாப்பாடு பற்றிச் சொல்லும்போதும் இந்த வித்தியாசம் வேண்டும். 'ரெண்டு நாளாத் தூங்கவே இல்லை' என்றால் 'ஐ ஹேவ்ன்ட் ஸ்லெப்ட் ஃபார் டூ டேஸ்'. 'கொஞ்ச நாளாச் சரியாத் தூக்கம் வரலை' என்றால் 'ஐ ஹேவ்ன்ட் பீன் ஸ்லீப்பிங் வெல் லேட்லி'. முன்னதில் அறவே நடக்கவில்லை. பின்னதில் நடக்கிறது, ஒழுங்காக இல்லை. பிந்தையதைச் சொல்ல நினைத்து முந்தையதைச் சொன்னால் டாக்டர் பதறிவிடுவார்.

அறிகுறி: 'ஐ ஹேவ் பீன் ரைட்டிங் த்ரீ மெயில்ஸ் சின்ஸ் மார்னிங்'

எண்ணிக்கை வந்துவிட்டால் 'இங்' போக வேண்டும். எவ்வளவு நேரமாக என்பதற்குத்தான் இந்தக் காலம். எத்தனை என்பதற்கு அல்ல. 'காலையிலிருந்து மெயில் எழுதுறேன்' என்றால் 'ஐ ஹேவ் பீன் ரைட்டிங் மெயில்ஸ்'. 'மூணு மெயில் எழுதிட்டேன்' என்றால் 'ஐ ஹேவ் ரிட்டன் த்ரீ மெயில்ஸ்'. தமிழே பிரித்துக் காட்டுகிறது: 'எழுதிட்டேன்' என்று முடிந்துவிட்டால் பீன் இல்லை. 'ஐ ஹேவ் ரெட் யுவர் ரிப்போர்ட்' என்றால் படித்து முடித்தாயிற்று, 'ஐ ஹேவ் பீன் ரீடிங் யுவர் ரிப்போர்ட்' என்றால் இன்னும் பாக்கி இருக்கலாம். மேனேஜரிடம் எதைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: விட்டுவிட்ட வேலைக்கு 'ஐ ஹேவ் பீன் வர்க்கிங்'

இன்டர்வியூவில் இது நேரடியாகக் கெடுதல் செய்யும். பழைய கம்பெனியைப் பற்றி 'ஐ ஹேவ் பீன் வர்க்கிங் தேர் ஃப்ரம் 2015 டு 2019' என்றால், எதிரில் இருப்பவர் இன்னும் அங்கே இருக்கிறீர்களா என்று குழம்புவார். முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டாலே இந்த உருவத்துக்கு இடமில்லை. 'ஐ வர்க்ட் தேர் ஃப்ரம் 2015 டு 2019'. 'யெஸ்டர்டே' என்ற சொல்லும் அப்படித்தான்: 'ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் யூ யெஸ்டர்டே'.

தலைகீழ்ப் பிழையும் நடக்கிறது. இப்போதும் பார்க்கும் வேலைக்கு 'ஐ வாஸ் வர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால் வேலையை விட்டாயிற்று என்று அர்த்தம்.

நேற்றைய கதையைச் சொல்லும்போது 'ஒரு மணி நேரமாக் காத்துக்கிட்டு இருந்தேன், அப்புறம் பஸ் வந்துச்சு' என்று வரும். 'ஆ' இருக்கிறது, ஆனால் வினை 'இருந்தேன்'. நிகழ்காலம் இல்லாததால் ஹேவ் போய் ஹேட் வரும்: 'ஐ ஹேட் பீன் வெயிட்டிங் ஃபார் அன் அவர் வென் த பஸ் கேம்'.

அறிகுறி: செயல் நின்றுவிட்டது, இருந்தும் ஆங்கிலேயர் இதைச் சொல்கிறார்கள்

பிழை அல்ல, குழப்பம். வாசலில் ஈரம், வானம் வெளுத்திருக்கிறது. 'இட் ஹேஸ் பீன் ரெய்னிங்' என்கிறார்கள். மழை நின்றுவிட்டதே? தடயம் கண்முன்னே இருந்தால் இந்தக் காலம் செல்லும். வேர்த்து வந்தவனிடம் 'ஹேவ் யூ பீன் ரன்னிங்?', கண் சிவந்த குழந்தையிடம் 'ஹேவ் யூ பீன் க்ரையிங்?' என்பது மிக இயல்பு. இங்கே தமிழில் 'ஆ'வும் இல்லை, 'லிருந்து'ம் இல்லை. நாம் 'அழுதியா?' என்போம். அதனால் நம் அடையாளம் இந்த ஒரு பயனில் உதவாது. இதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

இதே பயனுக்கு ஒரு முள்ளும் உண்டு. 'ஹூ ஹேஸ் பீன் யூஸிங் மை லேப்டாப்?' என்பதில் கோபம் தொனிக்கும். 'ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை' என்று வாடிக்கையாளருக்கு எழுதினால், இலக்கணம் சுத்தம், ஆனால் 'எவ்வளவு நாளாக் காத்திருக்கிறது?' என்ற குறை கேட்கும். குறை சொல்வதுதான் நோக்கம் என்றால் எழுதுங்கள். இல்லாவிட்டால் 'ஐ லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை' போதும்.

அறிகுறி: 'ஹீ இஸ் பீன்', 'ஐ பீன்', 'ஐ ஹேவ் பீயிங்'

மூன்றும் காதால் வரும் பிழைகள். வேகமாகப் பேசும்போது ஹேவ் தேய்ந்து 'ஐவ் பின் வெயிட்டிங்' என்று மட்டும் கேட்கும். 'ஹீஸ் பின்' என்று கேட்டதை விரித்து எழுதும்போது 'ஹீ இஸ் பீன்' ஆகிவிடுகிறது. பீன் அடுத்து வந்தால் முன்னால் இருப்பது ஹேஸ்தான், இஸ் வர வழியே இல்லை. ஹேவ், ஹேஸ் இவற்றை அடுத்து நேராக பீயிங் வரவே வராது.

அறிகுறி: 'த ரோடு ஹேஸ் பீன் ரிப்பேர்ட் ஃபார் சிக்ஸ் மந்த்ஸ்'

'ஆறு மாசமா ரோடு போடுறாங்க' என்பதைச் சொல்ல வந்து, போட்டு முடித்த மாதிரியான வாக்கியத்தில் மாட்டிக்கொள்கிறோம். தொடர்வதைக் காட்ட 'ஹேஸ் பீன் பீயிங் ரிப்பேர்ட்' என்று ஓர் உருவம் ஏட்டில் உண்டு. ஆங்கிலேயரே அதைத் தவிர்ப்பார்கள். 'இஸ் பீயிங் பில்ட்' போன்ற செயப்பாட்டு உருவமே 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது, 19 ஆம் நூற்றாண்டின் இலக்கணக்காரர்கள் பலர் அதையே கண்டித்தார்கள். அதன்மேல் இன்னொரு பீன் ஏற்றினால் வாக்கியம் நொண்டுகிறது. நாம் தமிழில் செய்வதையே செய்யுங்கள். யார் என்று சொல்லாமல் 'போடுறாங்க' என்கிறோம் அல்லவா? 'தே ஹேவ் பீன் ரிப்பேரிங் த ரோடு ஃபார் சிக்ஸ் மந்த்ஸ்'.

அறிகுறி: 'வீ ஹேவ் பீன் மேரியிங் ஃபார் டென் இயர்ஸ்'

கல்யாணம், மரணம், சேர்வது, முடிவது போன்றவை ஒரு நொடியில் நடந்து முடிபவை. தமிழில் 'கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் ஆகுது' என்கிறோம், 'வருஷமா' என்பதில்லை. 'ஆ' இல்லாவிட்டால் 'இங்' இல்லை. 'வீ ஹேவ் பீன் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்'. 'அப்பா தவறி அஞ்சு வருஷம் ஆகுது' என்பதற்கு 'இட் ஹேஸ் பீன் ஃபைவ் இயர்ஸ் சின்ஸ் மை ஃபாதர் பாஸ்ட் அவே'.

எல்லாம் ஒரே கடிதத்தில் வந்தால்

இடமாற்றம் கேட்டு ஒருவர் எழுதும் விண்ணப்பம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

'ஐ ஆம் வர்க்கிங் இன் திஸ் பிராஞ்ச் சின்ஸ் ஃபோர் இயர்ஸ். ஐ ஆம் ஆஸ்கிங் ஃபார் எ டிரான்ஸ்ஃபர் ஃப்ரம் 2023. ஐ ஹேவ் பீன் சென்டிங் த்ரீ லெட்டர்ஸ். மை மதர் இஸ் நாட் வெல் சின்ஸ் லாஸ்ட் சிக்ஸ் மந்த்ஸ்.'

முதல் வாக்கியத்தின் பின்னால் 'நாலு வருஷமா' இருக்கிறது. 'ஆ', நிகழ்காலம், ஆகவே ஹேவ் பீன், ஃபார். இரண்டாவதில் '2023லிருந்து'. ஹேவ் பீன், சின்ஸ். மூன்றாவதில் எண்ணிக்கை இருப்பதால் 'இங்' போகிறது. நான்காவதில்தான் பலர் நிற்பார்கள். 'ஆறு மாசமா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்பதில் 'ஆ' இருக்கிறது, செயல் இல்லை. உடம்பு சரியில்லாமல் இருப்பது நிலை. 'இருப்பது' என்ற வினைக்கு பீன் மட்டுமே முழு உருவம், அதற்குப் பின்னால் 'இங்' ஒட்ட ஒன்றுமில்லை.

'ஐ ஹேவ் பீன் வர்க்கிங் இன் திஸ் பிராஞ்ச் ஃபார் ஃபோர் இயர்ஸ். ஐ ஹேவ் பீன் ஆஸ்கிங் ஃபார் எ டிரான்ஸ்ஃபர் சின்ஸ் 2023. ஐ ஹேவ் சென்ட் த்ரீ லெட்டர்ஸ். மை மதர் ஹேஸ் பீன் அன்வெல் ஃபார் த லாஸ்ட் சிக்ஸ் மந்த்ஸ்.'

இரண்டாம் வாக்கியத்தில் லேசான குறை தொனிக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த வாக்கியத்தில் மூன்று கடிதம் அனுப்பிய கணக்கு இருப்பதால், இந்த விண்ணப்பத்தில் அதை அப்படியே விடலாம். மேலதிகாரி புதிதாக வந்தவர் என்றால், 'ஐ ஃபர்ஸ்ட் ஆஸ்க்ட் ஃபார் எ டிரான்ஸ்ஃபர் இன் 2023' என்று மாற்றி எழுதுங்கள். தேதி அப்படியே நிற்கும், குறை போய்விடும்.